படத்தில் இருப்பவர் யார் வீட்டு ஆள்? வேல்ஸ் சுரங்க ஊர்ப் படங்களுக்குப் பெயர் சேர்க்கும் வழிகாட்டி

செங்கெனித் என்ற ஊரைப் பற்றித் தேடினால் முதலில் வந்து நிற்பது ஒரு எண்: 440. தெற்கு வேல்ஸில், கேர்ஃபிலிக்குப் பக்கத்தில் ஒரு பள்ளத்தாக்கின் கடைசியில் இருக்கும் சின்ன ஊர் அது. 1913 அக்டோபர் 14 காலையில் அங்கிருந்த யுனிவர்சல் நிலக்கரிச் சுரங்கம் வெடித்தது. 439 தொழிலாளர்கள் இறந்தார்கள். மீட்கப் போன ஒருவரும் இறந்தார். பிரிட்டனின் சுரங்க வரலாற்றிலேயே மிகப் பெரிய விபத்து. அதே சுரங்கம் 1901 மே 24ல் ஏற்கெனவே 81 உயிரை வாங்கியிருந்தது.

எண்ணுக்கு அடுத்து வருவது படங்கள். பென்டன் என்ற கிளாஸ்கோ புகைப்படக்காரர் எடுத்து, போஸ்ட்கார்டு வரிசையாக அச்சிட்டு விற்ற படங்கள் அவற்றில் பிரபலம். சுரங்க வாசலில் காத்திருக்கும் கூட்டம், தொப்பியும் சால்வையுமாகத் தலைகள், ஊர்வலங்கள். எத்தனை முகங்கள்! ஆனால் பெரும்பாலானவற்றுக்குப் பெயர் கிடையாது. விபத்து நடந்த வாரத்தில் அந்த ஊரை எல்லோரும் படம் பிடித்தார்கள். விபத்துக்கு முந்தைய வாரம், பத்து வருஷம் கழித்து, ஞாயிறு மதியம், இதெல்லாம் யாரோ ஒருவர் வீட்டு அலமாரி மேல் பிஸ்கட் டப்பாவில் கிடக்கிறது.

அந்த டப்பாவைத் திறந்து ஆட்களை அடையாளம் காண்பதற்கான வழிதான் இது. உள்ளூர் வரலாற்றுக் குழுவில் சேர்ந்தவருக்கும், கார்டிஃபில் குடியிருந்து பழைய பொருள் சந்தையில் ஒரு கட்டுப் படம் வாங்கி வந்த நம்மூர்க்காரருக்கும் வேலை ஒன்றுதான். ஒரே படத்தைக் கடைசிவரை கூட வைத்துக்கொண்டே போவோம். எடுத்துக்காட்டுக்கு நான் கற்பனை செய்த படம் இது, ஆனால் இந்தப் பள்ளத்தாக்குகளில் நிறையக் கிடைக்கும் வகை.

போஸ்ட்கார்டு அளவு. ஒரு சேப்பலின், அதாவது சிறு தேவாலயத்தின், பின்கூடத்து வாசலில் 23 பேர். முன்வரிசையில் தரையில் சிறுவர்கள், ஒருவன் கையில் பெரிய கரண்டி. இரண்டாவது வரிசையில் ஏழு பெண்கள், எல்லோருக்கும் ஏப்ரன். பின்னால் ஆண்கள். ஒருவர் தலையை அசைத்துவிட்டார், முகம் கலங்கிப் போயிருக்கிறது. பின்பக்கம் பென்சிலில் மூன்றே சொல்: “மாம், 2வது வரிசை.” மாம் என்றால் அம்மா. யாருடைய அம்மா?

முதல் படி: கலைக்காதீர்கள்

பெட்டி கைக்கு வந்ததும் எல்லோரும் செய்வது, படங்களை மேசையில் கொட்டி, நல்லதைத் தனியே எடுப்பது. அந்த நிமிடமே பாதித் தகவல் போய்விடுகிறது. எந்தப் படத்தோடு எந்தப் படம் இருந்தது, எது உறைக்குள் இருந்தது, ஆல்பத்தில் எதற்கு எதிர்ப்பக்கம் எது என்பதெல்லாம் சாட்சிதான். “மாம்” என்று எழுதிய கை யாருடையது என்பதை அந்தப் படம் சொல்லாது. கூட இருந்த மற்றப் படங்கள்தான் சொல்லும்.

அதனால் முதலில் பெட்டியை இருக்கிற நிலையிலேயே கைபேசியில் படம் எடுங்கள். ஆல்பம் என்றால் பக்கம் பக்கமாக. அப்புறம் ஒவ்வொன்றாக எடுத்து, பின்பக்கம் ஓரத்தில் மென்மையான பென்சிலால் ஒரு எண் போடுங்கள். பேனா வேண்டாம், மை முன்பக்கம் ஊறும். செல்லோடேப், பசை, ரப்பர் பேண்ட் எதுவும் கிட்டே வரக்கூடாது. பாலியெஸ்டர் உறை நல்லது. பிவிசி உறை படத்தைக் கெடுக்கும். ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்க்காதீர்கள், பக்கத்தோடு சேர்த்தே ஸ்கேன் செய்யலாம்.

பெட்டி எங்கிருந்து வந்தது என்பதை அன்றைக்கே எழுதி வையுங்கள்: யார் கொடுத்தார்கள், அவர்களுக்கு எப்படி வந்தது, அவர் குடும்பம் எந்தத் தெருவில் இருந்தது. பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டால் கேட்க ஆள் இருக்கமாட்டார்.

இரண்டாம் படி: ஸ்கேன்

அங்குலத்துக்கு 600 புள்ளி போதும். சின்னப் படம் என்றால் 1200. டிஃப் கோப்பாக ஒன்றைத் தொடாமல் வைத்துக்கொண்டு, பிறருக்கு அனுப்ப ஜேபெக் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் ஸ்கேன் ஆக வேண்டும், வெற்றுப் பின்பக்கம் ஆனாலும். ஓரத்தை வெட்டாதீர்கள். கறுப்பு வெள்ளைப் படத்தையும் வண்ணத்திலேயே ஸ்கேன் செய்யுங்கள். பழுப்பேறிய நிறமும் பென்சில் எழுத்தும் அப்போதுதான் சரியாக வரும்.

இங்கே ஒரு சண்டை போட்டே ஆக வேண்டும். இப்போது கைபேசிச் செயலிகள் பழைய முகத்தைத் ‘தெளிவாக்கி’த் தருகின்றன. சுரங்க ஊர்ப் படத்துக்கு இது பெரிய ஆபத்து. நிலத்தடியில் வேலை செய்தவருக்கு வெட்டுக்காயம் பட்டால், உள்ளே போன கரித்தூள் அப்படியே தோலுக்கடியில் தங்கி, காயம் ஆறியபின் நீலத் தழும்பாக நிற்கும். மூக்குத் தண்டில், நெற்றியில், புறங்கையில் பச்சை குத்தியதுபோல. ஒரு படத்தில் நெற்றியில் மெல்லிய கோடு தெரிந்தால் அது கீறலாகவும் இருக்கலாம், தழும்பாகவும் இருக்கலாம். செயலிக்கு இரண்டும் அழுக்குதான், துடைத்துவிடும். பேரப்பிள்ளை ஒருவர் பிற்பாடு “தாத்தாவுக்கு இடது புருவத்துக்கு மேல் நீலக் கோடு உண்டு” என்று சொல்லும்போது, அந்தக் கோடு உங்கள் கோப்பில் இருக்காது. தலையை அசைத்தவருக்குச் செயலி ஒரு புது முகமே தைத்துக் கொடுக்கும். அது யாருடைய முகமும் கிடையாது. வண்ணம் பூசுவதும் அப்படித்தான். ஆசைக்கு ஒரு பிரதியில் செய்து பாருங்கள், அடையாளம் கேட்க அதைக் காட்டாதீர்கள்.

மூன்றாம் படி: பின்பக்கத்தைப் படிப்பது

போஸ்ட்கார்டின் முதுகு நல்ல நாட்காட்டி. பிரிட்டனில் 1902ல்தான் பின்பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரித்து, ஒரு பாதியில் செய்தியும் மறுபாதியில் முகவரியும் எழுத அனுமதித்தார்கள். அதற்கு முன் அந்தப் பக்கம் முழுக்க முகவரிக்குத்தான். உள்நாட்டுக் கார்டுக்கு அரை பென்னித் தபால்தலை 1918 ஜூன் வரை ஓடியது. பிறகு ஒரு பென்னி. தபால்தலை ஒட்டும் கட்டத்தில் ‘அரை பென்னி’ என்று அச்சிட்டிருந்தால் அட்டை பெரும்பாலும் அதற்கு முந்தையது. பழைய அட்டையைப் பின்னாளில் தீர்த்தவர்களும் உண்டு, அதை மறக்க வேண்டாம்.

லென்ஸ் வைத்து முகத்தைப் பாருங்கள். புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் அச்சகத்தில் ஆயிரக்கணக்கில் அடித்தது. புள்ளியே இல்லாமல் மழமழவென்று இருந்தால் இருட்டறையில் நேரடியாகப் போட்ட நிஜப் புகைப்படம். கூட்டப் படம் ஒன்று இப்படி இருந்தால் பத்தோ ஐம்பதோ பிரதிதான் போட்டிருப்பார்கள், வாங்கியவர்கள் படத்தில் இருப்பவர்களே. நமது 23 பேர் படம் அந்த ரகம். அதாவது இந்தப் பிரதி அந்த ஏழு பெண்களில் ஒருவர் வீட்டுக்கு நேராகப் போயிருக்கும் வாய்ப்பு அதிகம். வட்டம் ஏற்கெனவே சுருங்கிவிட்டது.

நான்காம் படி: படத்துக்குள் நுழைவது

“இது யார்” என்ற கேள்வியை இன்னும் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். முதலில், ஏன் இன்றைக்குப் படம் எடுத்தார்கள்? அந்தக் காலத்தில் படம் எடுக்கக் காசு செலவாகும். காரணம் இல்லாமல் 23 பேர் வரிசையில் நிற்கமாட்டார்கள்.

வெள்ளை உடுப்பில் சிறுமிகள், பெரிய பட்டுக்கொடி, தெரு நிறையக் கூட்டம் என்றால் பெந்தெகொஸ்தே வார ஞாயிற்றுப்பள்ளி ஊர்வலமாக இருக்கலாம். முகத்தில் கரி பூசி, விநோத வேடத்தில் வாத்தியக் குழு என்றால் கார்னிவல் பேண்டு. 1926ல் இவை பள்ளத்தாக்கு முழுக்க முளைத்தன. “மக்களின் சார்பில் தேசிய நிலக்கரி வாரியம் இந்தச் சுரங்கத்தை நடத்துகிறது” என்ற பலகை நட்டு, சுற்றி ஆட்கள் நின்றால் தேதியைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்: 1947 ஜனவரி 1, சுரங்கங்கள் நாட்டுடைமை ஆன நாள்.

நமது படத்தில் கரண்டி, ஏப்ரன், சேப்பல் பின்கூடம். முகங்கள் சுத்தமாக இருக்கின்றன, வேலை நாளுக்குரிய கரி எவர் மேலும் இல்லை. இது கஞ்சித்தொட்டி, அவர்கள் சொல்வதில் சூப் கிச்சன். 1926 மே முதல் தேதி சுரங்க முதலாளிகள் கதவடைத்தார்கள். கூலியைக் குறைத்துக்கொண்டு வந்தால்தான் உள்ளே விடுவோம் என்றார்கள். மே மாதம் நடந்த பொது வேலைநிறுத்தம் ஒன்பதே நாளில் முடிந்துவிட்டது. சுரங்கத் தொழிலாளர் மட்டும் குளிர்காலம் தொடங்கும்வரை தாக்குப்பிடித்தார்கள். அந்த ஏழு மாதமும் குழந்தைகளுக்குச் சோறு போட்டது இந்தப் பின்கூடங்கள்தான். 1921லும் ஒரு கதவடைப்பு நடந்தது என்பதால் ஆண்டை உடனே எழுதிவிட வேண்டாம். முதிய பெண்கள் நீளக் கூந்தலைக் கொண்டை போட்டு, இளம்பெண்கள் குட்டையாக வெட்டியிருந்தால் 1926 பக்கம் தராசு சாயும்.

தொழில் சாமான்களும் பேசும். தலையில் துணித் தொப்பி என்றால் பெரும்பாலும் 1930களுக்கு முன்பு. கெட்டித் தலைக்கவசமும் அதில் மாட்டும் மின்விளக்கும் அதற்குப் பிறகுதான் பரவின. கையில் கண்ணாடிக் கூண்டுக்குள் சுடர் எரியும் விளக்கு இருந்தால் அதன் எண்ணைப் படிக்க முடிகிறதா பாருங்கள். கரி அள்ளும் வண்டியை இங்கே ‘டிராம்’ (dram) என்பார்கள். தெருவில் ஓடும் ‘ட்ராம்’ (tram) ரயிலோடு குழம்ப வேண்டாம். குழுப்படங்களில் அதன் பலகையில் சுண்ணாம்புக் கட்டியால் சுரங்கப் பெயரும் ஆண்டும் எழுதியிருப்பார்கள். கரி அப்பிய முகத்தோடு ஆண்கள் தெருவில் நடந்து வீட்டுக்குப் போகிறார்களா? அந்தச் சுரங்கத்தில் இன்னும் குளியலறை கட்டவில்லை என்று பொருள். வேல்ஸில் முதல் சுரங்கக் குளியலறை 1916ல் ட்ரெஹாரிஸ் ஊரில் வந்தது. மற்ற இடங்களில் பல ஆண்டுகள் தகரத் தொட்டிதான், அடுப்புக்கு முன்னால், வெந்நீர் சுமந்தது வீட்டுப் பெண்கள்.

பெண்களைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். சுரங்க ஊர் ஆல்பங்களில் ஆண்களுக்கு வேலை, பாடகர் குழு, ரக்பி அணி என்று பத்துக் காரணம் இருக்கும். அவற்றில் பலவற்றுக்கு அச்சிட்ட பெயர்ப்பட்டியலும் கிடைக்கும். பெண்கள் வருவது திருமணம், ஊர்வலம், கஞ்சித்தொட்டி, அப்புறம் வாசல் படியில் குழந்தையைச் சால்வையால் தன் உடம்போடு சேர்த்துச் சுற்றிக்கொண்டு நிற்கும் படம். கடைசி வகைக்குப் பட்டியல் எதுவும் கிடையாது. அதனால் வாசல் படிப் படங்களை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். கேட்க ஆள் குறைந்துகொண்டே போவது அவற்றுக்குத்தான்.

ஐந்தாம் படி: ஊரோடு உட்காருவது

படத்தைப் பெரிதாக அச்சிட்டு, மேலே ஒரு டிரேசிங் தாள் வைத்து, ஒவ்வொரு தலையையும் கோடிட்டு எண் போடுங்கள். இடமிருந்து வலம், பின்வரிசையிலிருந்து முன்வரிசை என்று ஒரு ஒழுங்கு வைத்து, கடைசிவரை அதையே பின்பற்றுங்கள். “மாமாவுக்குப் பக்கத்தில் நிற்பவர்” என்று எழுதினால் பத்து வருஷம் கழித்து அது யாருக்கும் புரியாது.

அப்புறம் தொழிலாளர் மன்றத்திலோ நூலகத்திலோ தேநீரும் வெல்ஷ் கேக்கும் வைத்து ஊர்க்காரர்களைக் கூப்பிடுங்கள். உங்களுக்குத் தெரிந்த பெயரை முன்கூட்டியே சொல்லாதீர்கள். சொன்னால் எல்லோரும் தலையாட்டிவிடுவார்கள். “இது யார்” என்று நேராகக் கேட்டால் “தெரியலையே” என்றுதான் பதில் வரும். “இந்தக் கதவு எந்தத் தெரு”, “இந்தப் பின்கூடத்தில் யார் சமைப்பார்கள் என்று வீட்டில் பேசிக்கொண்டார்கள்” என்று தொடங்கினால் பேச்சு தானாக ஆளிடம் வந்து சேரும். பேசுவதைப் பதிவு செய்யுங்கள், அனுமதி கேட்டுவிட்டு. 1926ஐ நேரில் பார்த்தவர் இனி கிடைக்கமாட்டார். படத்தைப் பார்ப்பவர் தன் பாட்டியை இளம்பெண்ணாகப் பார்த்ததே இல்லை, அவர் ஒப்பிடுவது நினைவில் இருக்கும் கிழவியோடு. அதனால் “எங்கள் பாட்டி ஜாடை” என்பதையும் “எங்கள் பாட்டிதான், இதே படம் எங்கள் வீட்டிலும் இருந்தது” என்பதையும் தனித்தனியே குறித்துக்கொள்ளுங்கள்.

பெயர் விஷயத்தில் வேல்ஸ் ஒரு தலைவலி. ஜோன்ஸ், டேவிஸ், எவன்ஸ், வில்லியம்ஸ், தாமஸ், இந்த ஐந்துக்குள் பாதி ஊர் அடங்கிவிடும். அதனால் பட்டப்பெயரே உண்மையான பெயர். பால் ஊற்றுபவர் ‘ஜோன்ஸ் த மில்க்’. வாயில் ஒரே பல், அதுவும் நட்டநடுவில் இருந்த டேவிட்டுக்கு ‘டை சென்ட்ரல் ஈட்டிங்’ என்று வைத்தார்களாம், சென்ட்ரல் ஹீட்டிங்கைக் கிண்டலடித்து. ஏறக்குறைய எல்லாப் பள்ளத்தாக்கும் இந்த ஆளைத் தன் ஊர்க்காரர் என்று சொல்லிக்கொள்ளும். பட்டப்பெயரைக் கொச்சை என்று விட்டுவிடாமல் அப்படியே எழுதுங்கள். டேவிட் ஜோன்ஸ் என்று மட்டும் எழுதினால் ஊரில் முப்பது பேர் கை தூக்குவார்கள்.

எல்லோரும் வெல்ஷ்காரர்களாக இருப்பார்கள் என்றும் நினைக்க வேண்டாம். கடை வாசலில் நிற்பவர் பார்டி என்ற மலை ஊரிலிருந்து வந்த இத்தாலியராக இருக்கலாம். அவர்கள் நடத்திய காபிக் கடைகளுக்கு ‘பிராக்கி’ என்றே பொதுப்பெயர் விழுந்துவிட்டது. 1960களுக்குப் பிந்தைய படத்தில் சூட்டு போட்டு நிற்கும் இந்திய முகம் ஊர் டாக்டராக இருக்க வாய்ப்பு உண்டு. வேலைக்கு ஆள் வராத இந்தப் பள்ளத்தாக்குகளில் தெற்காசிய மருத்துவர்கள்தான் பல ஊர்களில் பல ஆண்டுகள் மருத்துவம் பார்த்தார்கள். அவர்கள் பெயரைத்தான் பட்டியலில் பெரும்பாலும் தப்பும் தவறுமாக எழுதியிருப்பார்கள். நாம் சரிபார்த்துத் தரலாம்.

ஆறாம் படி: காகிதத்தோடு ஒப்பிடுவது

ஊர் சொன்ன பெயர் அந்த ஆண்டில் அந்த வயதில் அங்கே இருந்ததா? 1911 கணக்கெடுப்புப் படிவம் வீட்டுத் தலைவர் கைப்பட எழுதியது. திருமணமாகி எத்தனை ஆண்டு, எத்தனை குழந்தை பிறந்தது, எத்தனை இறந்தது என்பதுவரை இருக்கும். வேல்ஸில் வெல்ஷ் பேசுவாரா ஆங்கிலம் பேசுவாரா என்ற கட்டமும் உண்டு. 1913ல் இறந்தவர்களின் குடும்பங்களை அதில் பார்ப்பது கனமான வேலை. இரண்டு வருஷம் கழித்து என்ன ஆகப்போகிறது என்று நமக்குத் தெரியும், எழுதியவருக்குத் தெரியாது. 2022ல் வெளியான 1921 கணக்கெடுப்பு நமக்கு இன்னும் உபயோகம், ஏனென்றால் ஒவ்வொருவருக்கும் முதலாளி யார், வேலை எங்கே என்றும் கேட்டிருக்கிறார்கள். யுனிவர்சலா, பக்கத்து ஊர் வின்ட்சர் சுரங்கமா என்பது வரை தெரியும். 1931 கணக்கெடுப்பு தீயில் போனது, 1941ல் போரால் எடுக்கவே இல்லை. நடுவில் உதவுவது, போர் தொடங்கியதும் மக்களைக் கணக்கெடுத்த 1939 பதிவேடு.

வேல்ஸ் தேசிய நூலகம் 1919 வரையிலான செய்தித்தாள்களை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. அதில் ஊர்ப் பெயரோடு சேப்பல் பெயரைப் போட்டுத் தேடுங்கள். கல்லறைகளையும் பாருங்கள், வெல்ஷில் ‘எர் கோவ் அம்’ (Er cof am) என்று தொடங்கினால் ‘நினைவாக’ என்று பொருள், ‘ஹெவிட்’ (Hefyd) என்றால் ‘மேலும்’, அதாவது அடுத்து இன்னொரு பெயர் வருகிறது.

யுனிவர்சல் சுரங்கம் 1928ல் மூடப்பட்டது. இரண்டு போர்களுக்கு நடுவே வேலை தேடிச் சுமார் நான்கு லட்சம் பேர் வேல்ஸை விட்டுப் போனார்கள். ஸ்லௌ, ஆக்ஸ்ஃபோர்டு, கொவென்ட்ரி என்று இங்கிலாந்தின் தொழிற்சாலை ஊர்களுக்கு. உங்கள் படத்தில் இருக்கும் பெண்ணின் பேத்தி இன்றைக்கு ஸ்லௌவில் இருக்கலாம். ஊரில் யாருக்கும் தெரியவில்லை என்றதும் முடித்துக்கொள்ளாமல் அங்கேயும் கேளுங்கள்.

ஏழாம் படி: எவ்வளவு உறுதி

ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் மூன்றில் ஒன்றை எழுதுங்கள்: உறுதி, அநேகமாக, யாரோ சொன்னது. யார் சொன்னார், எந்தத் தேதியில் என்பதும் வேண்டும். ஒரே பெயரை இரண்டு பேர் சொன்னால் இரட்டைச் சாட்சி என்று துள்ளாதீர்கள். இருவரும் பல வருஷத்துக்கு முன் வந்த ஒரே உள்ளூர்ப் புத்தகத்தின் படக்குறிப்பைப் படித்தவர்களாக இருப்பார்கள். அந்தக் குறிப்பே தப்பாக இருந்தால்? எங்கே கேள்விப்பட்டீர்கள் என்று கேட்பதில் தப்பில்லை, கொஞ்சம் நயமாகக் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

எட்டாம் படி: வெளியே வைப்பது

படம் கையில் இருப்பதால் பதிப்புரிமை உங்களுடையது ஆகிவிடாது. பிரிட்டனில் பொதுவாக எடுத்தவர் இறந்து 70 ஆண்டுவரை அது அவர் வாரிசுகளுடையது. உரிமையாளரைத் தேடியும் கிடைக்காவிட்டால் அறிவுசார் சொத்து அலுவலகத்தில் உரிமம் கேட்க வழி இருக்கிறது. ‘பீப்பிள்ஸ் கலெக்‌ஷன் வேல்ஸ்’ இணையத்தளத்தில் குழுக்களும் தனிநபர்களும் படம் ஏற்றலாம். அசல் படங்களைக் கார்டிஃபில் உள்ள கிளமோர்கன் ஆவணக் காப்பகம் போன்ற இடத்தில் சேர்ப்பது பற்றிக் குடும்பத்தோடு பேசுங்கள்.

துக்கப் படங்களில் நிதானம் வேண்டும். 1966 அக்டோபர் 21ல் அபெர்வான் ஊரில் சுரங்கக் கழிவு மேடு சரிந்து பள்ளிக்கூடத்தை மூடியது. 144 பேர் போனார்கள், அதில் 116 குழந்தைகள். அன்றைய படங்களில் இருக்கும் பெற்றோரின் குடும்பங்கள் இன்றும் அதே தெருக்களில் இருக்கின்றன. ராபபோர்ட் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் விபத்துக்குப் பிறகு வந்து, வாரக்கணக்கில் ஊரிலேயே தங்கி, மக்கள் மெல்ல எழுந்து நடமாடுவதைப் படம் எடுத்தார். ஊர்க்காரர்களோடு பழகி எடுத்ததால் அந்தப் படங்களுக்குத் தனி மதிப்பு. அழுகிற முகத்தை வெளியிடுமுன் அந்த வீட்டில் ஒருவரையாவது கேளுங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

சரி, நமது படம் என்ன ஆயிற்று? பெட்டியில் அதற்கு அடுத்து இருந்தது ஒரு திருமணப் படம். அதன் பின்னாலும் அதே கையெழுத்தில் “மாம், டாட், ஆன்ட்டி” என்று இருக்கிறது. படம் பிடித்தவரின் முத்திரையும் தேதியும் இருப்பதால், திருமணப் பதிவில் தேடி மணமகள் வீட்டைக் கண்டுபிடித்துவிட முடிகிறது. அங்கே மணமகளுக்கு இடதுபக்கம் நிற்கும் அம்மாவின் தாடையும், 23 பேரில் 11ஆம் எண்ணின் தாடையும் ஒன்று. 1921 கணக்கெடுப்பில் அந்த வீட்டில் அவருக்கு 38 வயது, கணவருக்கு யுனிவர்சலில் வேலை. 11ஆம் எண்ணுக்கு ‘அநேகமாக’ என்று எழுதலாம். இன்னொரு குடும்பத்திலிருந்து இதே படத்தின் பெயர் எழுதிய பிரதி வந்தால் ‘உறுதி’ ஆகும். ஊர்க்காரர்கள் பேசி இன்னும் 13 பேருக்குப் பெயர் கிடைத்திருக்கிறது. கரண்டிப் பையனுக்கு இரண்டு வீட்டார் உரிமை கொண்டாடுகிறார்கள். இரண்டு பெயரையும் எழுதுங்கள்.

பட்டியலை அச்சிடும்போது தெரியாதவர்களை விட்டுவிடாதீர்கள். 23 எண்ணும் வரிசையாக இருக்கட்டும். 3க்கு எதிரே, “பின்வரிசை, துணித் தொப்பி, தலையை அசைத்தவர், பெயர் தெரியவில்லை” என்று எழுதி, பக்கத்தில் ஒரு பெயர் எழுதும் அளவுக்கு இடம் விடுங்கள்.